பத்தில் இருவர்

ஈல்மாவுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் இருந்தான். அவன் அவளுடைய நண்பன்.

ரியோ பொருளாதார ஆய்வு நிலையத்தின் சேர்க்கைப் பட்டியல் மாலை நான்கு மணிக்கு வந்தது. லாட்டரிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கைபேசியை மேசைக்கு அடியில் வைத்து, அவள் அதைப் பார்த்தாள். அழைக்கப்பட்டவர்கள் மேலே. காத்திருப்பவர்கள் கீழே. காத்திருப்பவர்களில் முதல் பெயர் அவளுடையது. நேற்றும் அதுதான்.

அழைக்கப்பட்டவர்களின் பெயருக்கு எதிரே ஒரு குறி இருக்கும். இடத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு குறி. ஏற்றுக்கொண்டு, இன்னும் நல்ல இடத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு வேறு குறி. முதல் சுற்றில் அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் அப்படிக் காத்திருந்தார்கள். தினமும் ஒரு சுற்று, ஒவ்வொன்றுக்கும் மத்தியானத்துக்குள் இணையத்தில் மூன்று பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: ஏற்பது, காத்திருப்பது, விலகுவது. சிலர் வேறு ஊருக்குப் போனார்கள். ஈல்மா மேலே ஏறினாள். மற்றவர்கள் ரியோ போதும் என்று முடித்துக்கொண்டார்கள். இப்போது ஒருவன் மட்டும் காத்திருந்தான். கிளெவர்டன். அரக்காஜு நகரம். அவள் ஊர்.

"மகளே, தூங்கிட்டியா?"

கண்ணாடிக்கு வெளியே ஒரு கிழவி நின்றாள். கரண்ட் பில்லை உள்ளே தள்ளினாள். அந்தக் கடையில் பில்லும் கட்டலாம்.

"இதக் கட்டு. அப்பறம் ஒரு மெகா லாட்டரி போடு."

"எண் சொல்லுங்க."

"நீயே போடு."

"மெஷின் போடும் பாட்டி."

"மெஷினுக்கு என் கஷ்டம் தெரியுமா? உனக்காச்சும் கொஞ்சம் தெரியும்."

ஈல்மா ஆறு எண்களை அழுத்தினாள். கிழவி சீட்டை வாங்கி முத்தமிட்டாள்.

"வருமா?"

"அஞ்சு கோடில ஒண்ணு வரும்."

"அந்த ஒண்ணு யாருக்காச்சும் வந்துதானே ஆகணும்."

கிழவி போனாள். ஈல்மா ஆறு ஆண்டுகளாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். ஐந்து கோடி என்பது யார் காதிலும் விழுவதில்லை. ஒன்று என்பதுதான் விழும்.

முதுகலைப் பொருளாதாரத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. பெயர்தான் பொருளாதாரம். உள்ளே இருப்பது பெரும்பாலும் கணிதமும் புள்ளியியலும். சரியா தவறா என்று குறிக்க வேண்டும். தவறாகக் குறித்தால், சரியாகக் குறித்த ஒன்றும் போய்விடும். குறிக்காமல் விட்டால் ஒன்றும் வராது, ஒன்றும் போகாது. ஈல்மா சந்தேகம் வந்தால் விட்டுவிடுவாள். கிளெவர்டன் எதையும் விடமாட்டான். இரண்டு ஆண்டுகள் பொது நூலகத்தின் மின்விசிறிக்கு அடியில் ஒரே மேசையில் இருவரும் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். நீ கோழை என்பான் அவன். நீ சூதாடி என்பாள் அவள். இந்த ஆண்டு இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. அவள் குறிக்காமல் விட்டது. விடை அவளுக்குத் தெரிந்திருந்தது. உறுதியாகத் தெரியவில்லை.

இது அவளுடைய மூன்றாவது முயற்சி. நான்காவது கிடையாது. ஜனவரியில் அக்காவுக்குக் கல்யாணம். அவள் சல்வடோர் போய்விடுவாள். வீட்டு வாடகை முழுவதும் ஈல்மா தலையில் விழும். இன்னொரு வேலை பார்க்க வேண்டும். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு இந்தத் தேர்வை எழுதியவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. ரியோவில் இடம் கிடைத்தால் உதவித்தொகை உண்டு. அவளைக் கூப்பிட்ட இன்னோர் ஊரில் அது இல்லை. ஆகவே ரியோ. ரியோ இல்லையென்றால் கண்ணாடி.

கடைசிச் சுற்றுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

தேர்வெழுதியவர்களின் வாட்ஸாப் குழுவில் அவளைச் சூனியக்காரி என்று கூப்பிட்டார்கள். பழைய ஆண்டுகளின் பட்டியல்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. எந்த நிலையம் எந்த ஆண்டு எந்த இடம்வரை இறங்கி வந்தது என்று பார்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் அவர்களுடைய வாய்ப்பைச் சொல்வாள்.

"சூனியக்காரி, இதான் என் ரேங்க். கோயானியா கெடைக்குமா?"

"மூட்டையக் கட்டு."

"நெஜமாவா? எப்பக் கெளம்பணும்?"

"இப்பவே. அம்மா வீட்டுக்கு."

குழு முழுவதும் சிரிக்கும். கேட்டவனும் சிரிப்பான். பிறகு தனியாக எழுதிக் கேட்பான், விளையாட்டுக்குத்தானே சொன்னாய் என்று. விளையாட்டு இல்லை என்று அவள் எழுதுவாள்.

தன்னுடையதையும் அவள் போட்டிருந்தாள். கிளெவர்டன் சாவ் பாவுலோவுக்காகக் காத்திருந்தான். சாவ் பாவுலோ அவனைக் கூப்பிட்டால் ரியோ இடம் அவளுக்கு. கூப்பிடாவிட்டால் கடைசி நாளில் அவன் ரியோவை எடுத்துக்கொள்வான். ஆகவே அவன் வாய்ப்புதான் அவள் வாய்ப்பு. அவன் ஜெயிக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சாவ் பாவுலோ பட்டியல் எந்த ஆண்டும் அவன் இருக்கும் இடம்வரை இறங்கியதில்லை. ஒரே ஒருமுறை பக்கத்தில் வந்து நின்றது. இருபதில் ஒன்று என்று போட்டாள். தாராளமாகப் போட்டதே அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருந்தது. அவன் எங்கும் போகாமல் இருப்பது. அதற்கு அவள் எண் போடவில்லை.

கடையைச் சாத்தும்போது ஜெனிவால் வாசலில் தன் மடக்கு மேசையை மடித்துக்கொண்டிருந்தார். லாட்டரிக் கடை அரசாங்கத்துடையது. ஜெனிவாலின் மிருகச் சூதாட்டம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கனவில் வந்த மிருகத்தைச் சொன்னால் அதற்குரிய எண்ணை எழுதித் தருவார். போலீஸ்காரர்களும் அவரிடம்தான் கட்டினார்கள்.

"நேத்து என்ன கனவு கண்ட?"

"கனவே வரல அண்ணே."

"கனவு வராதவளுக்குக் கழுதை. மூணாம் நம்பர். எழுதட்டுமா?"

"வேணாம்."

"இந்தக் கடையில ரெண்டு பேர் விளையாட மாட்டோம். நீயும் நானும்." மேசையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பட்டியல் என்னாச்சு?"

"நகரல."

"அந்தப் பையன் இன்னும் உக்காந்திருக்கானா?"

"உக்காந்திருக்கான்."

"தெரிஞ்ச பையன்தானே. போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வரக்கூடாதா?"

"போய் என்னன்னு கேக்குறது?"

"ஒண்ணும் கேக்க வேணாம். காப்பி மட்டும் குடி. எதிர்ல ஆள் உக்காந்தா மனுசன் மாறிப்போவான். நாப்பது வருசமாப் பாக்குறேன். தனியா வரவன் ஆட்டு மேல கட்டுவான். கூட ஒருத்தன் வந்தா அதே ஆளு புலி மேல கட்டுவான்."

"போமாட்டேன் அண்ணே."

"போகாத. நான் சும்மா சொன்னேன்."

அவள் போகவில்லை. மறுநாள் காலை கிளெவர்டனே கூப்பிட்டான்.

நகரத்தில் புஜியோ என்ற பகுதியில் அவன் வீடு. முன்னறையில் துணி ஊஞ்சல் கட்டியிருந்தது. அவன் அதில் கிடந்தான். இளைத்திருந்தான். சன்னல் மூடியிருந்தது.

"செருப்பக் கழட்டாத. தரை சுடுது."

"சன்னலத் தெறந்தா ஆறும்."

"தெறந்தா தெருவுல எல்லாரும் கேக்குறாங்க. எப்பப் போற, எப்பப் போறன்னு." எழுந்து உட்கார்ந்தான். "திட்டிக்க. திட்டத்தானே வந்த."

"நீதான கூப்ட்ட."

"கூப்ட்டாலும் திட்டலாம். உன் சீட்டு மேல உக்காந்திருக்கேன்."

"அது உன் சீட்டு."

"குழுவுல என்ன சொல்றாங்க என்னை?"

"முட்டை மேல உக்காந்த கோழின்னு."

சிரித்தான். "பொரியுமாமா?"

"கூமுட்டைன்னு பேசிக்கிறாங்க."

இன்னும் சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான். அவன் அம்மா டோனா இரேனி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை அவளுக்கு, சீருடையோடு இருந்தாள். ஈல்மாவின் தலையைத் தொட்டாள். மகனைப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. நான் கெளம்புறேன். அடுப்புல மரவள்ளி வெந்திருக்கு."

கதவு சாத்தியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவுக்கு நான் போறது புடிக்கல. வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. மாத்திரைய எண்ணி எண்ணி வெக்கிறாங்க. அங்க யாரு எண்ணுவாங்கன்னு நெனைக்கிறாங்க."

போன ஆண்டு தேர்வுக் கூடத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. இரண்டாம் தாளின் நடுவில். ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதன்பிறகு மாத்திரை. இந்த ஆண்டு எழுதி முடித்தான், நன்றாக எழுதினான். நூலகத்தில் அவனைவிட வேகமாக நிரூபணம் எழுதுகிற ஆளை ஈல்மா பார்த்ததில்லை.

"ஆதால்ட்டோவப் பாக்கப் போனேன்" என்றான்.

ஆதால்ட்டோ இத்தபயானாக்காரன். அவர்களுக்கு முந்தைய ஆண்டு ரியோ போனவன். முதல் ஆண்டிலேயே இரண்டு பாடத்தில் விழுந்து, ஜூனில் திரும்பி வந்துவிட்டான்.

"எப்பிடி இருக்கான்?"

"கதவத் தெறக்கல. அவங்கம்மா தட்ட வாசப்படில வெச்சிட்டுப் போறாங்க. கதவுக்கு வெளிய நின்னு பேசினேன். உள்ள இருந்து, டிவிய நிறுத்தட்டுமான்னு கேட்டான். வேற ஒண்ணும் பேசல."

ஈல்மா காப்பியைக் கையில் வைத்திருந்தாள்.

"நீ எல்லாருக்கும் போட்டுத் தர்றல்ல. எனக்கும் போடு."

"உனக்குத்தான் சொன்னேனே. சாவ் பாவுலோ இருபதுல ஒண்ணு."

"அது வேணாம். ரியோவுக்குப் போடு. போனா தாங்குவேனா?"

"என்கிட்டக் கேக்காத."

"வேற யார்கிட்ட கேக்குறது?"

"யார்கிட்ட வேணா கேளு. நான்தான் உனக்கு அடுத்த ஆளு."

"தெரியும். அதனாலதான் கேக்குறேன். மத்தவங்க எல்லாம் போடா, கலக்குவ, ராஜாம்பாங்க. நீ அப்பிடிச் சொல்ல மாட்ட. உனக்கு வாயில பொய் வராது. அது ஒரு வியாதி உனக்கு."

அந்தக் கணக்கு அவளிடம் இருந்தது. தனக்காகப் போட்டது. தங்கள் பக்கத்திலிருந்து ரியோ போனவர்கள், தங்கள் இருவரைப் போன்ற ரேங்கில் உள்ளே நுழைந்தவர்கள். ஒவ்வொருவராக விசாரித்திருந்தாள். பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் ஆண்டைத் தாண்டியிருந்தார்கள். நல்ல எண். அந்த எண்ணைப் பார்த்த நாளில் அவள் வெளியே போய், வறுத்த பாலாடைக்கட்டி வாங்கிச் சாப்பிட்டாள்.

சொல்வதற்கு இரண்டு வழி இருந்தது. இரண்டும் உண்மை.

"பத்துல ரெண்டு பேர் விழறாங்க" என்றாள்.

கிளெவர்டன் ஊஞ்சலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு."

"ரெண்டு."

"யாரு அந்த ரெண்டுன்னு கணக்குல தெரியுமா?"

"தெரியாது."

"ஆதால்ட்டோ ஒருத்தன்."

"ஆமா."

அவள் இன்னும் சொல்லியிருக்கலாம். ஆதால்ட்டோ ரியோ போகும்வரை ஒரு நிரூபணம்கூடத் தானாக எழுதியதில்லை, நீ அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். விழுந்த இன்னொருவன் பெலேனில் டியூஷன் சென்டர் வைத்திருந்தான். அவளிடம் ஃபோனில் பேசும்போது பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். கிளெவர்டன் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

காப்பி ஆறிவிட்டது. குடித்தாள்.

"மரவள்ளி சாப்பிட்டுப் போறியா?"

"கடைக்கு நேரமாச்சு."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பட்டன் அழுத்தணும்ல?"

"ஆமா. எப்பவும்போல."

"மூணாவது பட்டன் அழுத்தினா?"

"எல்லாப் பட்டியல்ல இருந்தும் பேரு போயிடும். திரும்ப வராது."

"தெரியும். சும்மா கேட்டேன்." கதவுவரை வந்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். "தேங்க்ஸ். வேற யாரும் இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாங்க."

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சதுப்புக் காட்டு வாடை அடித்தது. அவள் எந்தக் கணக்கையும் போடவில்லை.

அன்று மாலைச் சுற்றில் எதுவும் மாறவில்லை. அவன் பெயரும் குறியும் அப்படியே இருந்தன. மறுநாள் காலை கடையில் கூட்டம். சம்பள வாரம். எல்லோரும் பில் கட்ட வந்தார்கள். மீதிச் சில்லறைக்குச் சீட்டு வாங்கினார்கள். பதினோரு மணிக்கு மேல் வரிசை கொஞ்சம் குறைந்தது. அவள் கைபேசியை எடுத்தாள். கிளெவர்டனுக்கு எழுதினாள். எட்டுப் பேர் தாண்டுகிறார்கள், நீ தாண்டுவாய், என்று. எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மெஷின் செத்துப்போச்சா, இல்ல நீ செத்துட்டியா?"

மீன்கடைக்காரன். தண்ணீர் பில்லை ஈரக் கையால் நீட்டினான்.

"ரெண்டும் உயிரோடதான் இருக்கு."

"பாத்தா அப்பிடித் தெரியலயே."

பில்லைத் துடைத்து மெஷினில் வைத்தாள். அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆள். அவனுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. மூன்று பேரையும் அனுப்பிவிட்டு அவள் கைபேசியை எடுத்தாள். எழுதியது அப்படியே இருந்தது. அனுப்பவில்லை. இது அவன் முடிவு என்று நினைத்தாள். கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னோம் என்று நினைத்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழித்து முடித்தபோது மாதா கோவிலில் பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது.

ஜெனிவால் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சாப்பிடலயா?"

"பசிக்கல."

"நான் வேர்க்கடலை வேக வெச்சுக் கொண்டாந்திருக்கேன். கொஞ்சம் எடுத்துக்க."

"அப்பறம்."

"காப்பி குடிச்சியா?"

அவள் அவரைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல மகளே" என்று சொல்லி அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

நான்கு மணிக்குப் பட்டியல் வந்தது. ரியோ. அழைக்கப்பட்டவர்களில் கடைசிப் பெயர் ஈல்மாவுடையது. கிளெவர்டன் பெயர் இருந்த இடம் மூடிக்கொண்டிருந்தது. அவனுக்கு மேலே இருந்தவனும் அவளும் இப்போது அடுத்தடுத்து இருந்தார்கள்.

சந்தோஷம்தான். அதை அவள் தனக்குள் மறைத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். அக்கா அழுதுகொண்டே பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். பின்னணியில் தையல் மெஷின் ஓடியது. ஈல்மா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள்.

பிறகு, பழக்கத்தில், மற்ற நிலையங்களின் பட்டியல்களைத் திறந்தாள். யார் எங்கே போனார்கள் என்று குறித்து வைப்பது அவள் வழக்கம். அடுத்த ஆண்டுக்காரர்கள் கேட்பார்கள்.

சாவ் பாவுலோ பட்டியல் இறங்கியிருந்தது. ஒன்றிரண்டு இடம் அல்ல. அந்தப் பட்டியலின் அடிப்பக்கம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளெவர்டனுக்கு மேலே கம்போ கிராந்தேக்காரன் ஒருவன். கீழே குரிச்சிபாக்காரி ஒருத்தி. கம்போ கிராந்தேக்காரனைக் கூப்பிட்டிருந்தார்கள். குரிச்சிபாக்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

நடுவில் இருந்தவன் இல்லை.

அவள் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே பெயர்கள். குழுவில் ஏற்கெனவே பேச்சு தொடங்கியிருந்தது. மேலே இருந்தவர்களில் ஒரு கும்பலை ஏதோ முதலீட்டு நிறுவனம் மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொண்டதாம். ஒரே நாளில் எல்லோரும் விலகிவிட்டார்களாம். சூனியக்காரி இதைச் சொல்லவே இல்லையே என்று ஒருவன் எழுதியிருந்தான். சிரிக்கும் முகம் போட்டிருந்தான்.

அவள் விதிகளைத் திறந்து படித்தாள். அவளுக்குத் தெரியாத விதி ஒன்றும் அதில் இல்லை. மூன்றாவது பட்டனை அழுத்தியவர் விலகியவர். இருந்தாலும் தேர்வு அலுவலகத்தைக் கூப்பிட்டாள். நீண்ட நேரம் இசை கேட்டது. பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"விலகினவர் நீங்களா?"

"இல்ல. என் ஃபிரண்டு."

"அவரே விரும்பித்தானே விலகினாரு?"

"ஆமா."

"அப்பிடின்னா ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அவர் இடத்துக்கு ஆளக் கூப்ட்டாச்சு."

"ரியோவுலயா, சாவ் பாவுலோவுலயா?"

"ரெண்டுலயும்."

ஃபோனை வைத்தாள். பேசாமல் இருந்திருந்தால் போதும். இன்று நான்கு மணிக்கு அவனைச் சாவ் பாவுலோ கூப்பிட்டிருக்கும். ரியோ அவளுக்குத் தானாக வந்திருக்கும். இருவருமே போயிருப்பார்கள். இருபதில் ஒன்று என்று அவளேதான் போட்டாள். அந்த ஒன்று அவள் காதில் விழவில்லை.

அவள் வேண்டாம் என்றால் அந்த இடம் கோயானியாக்காரன் ஒருவனுக்குப் போகும். கிளெவர்டனுக்குப் போகாது. இதையும் அவள் யோசித்தாள். வெகு நேரம் யோசிக்கவில்லை. மறுநாள் காலை முதல் பட்டனை அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை டோனா இரேனி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

சன்னல் திறந்திருந்தது. தெருவில் பையன்கள் பந்து விளையாடினார்கள். மேசையில் மக்காச்சோள மாவில் அவித்த குஸ்குஸ், முட்டை, உப்புக்கண்டம். கிளெவர்டன் சவரம் செய்திருந்தான். அவள் உள்ளே வந்ததும் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

"ரியோக்காரி வந்துட்டா. அம்மா, நல்ல தட்டு எடு. இனி இவ நம்மள மதிக்க மாட்டா."

"எறக்கி விடு."

"கனமே இல்ல. அங்க போய்ச் சாப்பிடு. இல்லன்னா கடல் காத்து தூக்கிட்டுப் போயிடும்."

டோனா இரேனி அவளை உட்காரவைத்தாள். தட்டில் அள்ளி அள்ளி வைத்தாள். மகன் தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது குனிந்து மெல்லச் சொன்னாள்.

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினான். எத்தன மாசமாச்சு தெரியுமா? நீ வந்து பேசினப்பறந்தான் முடிவெடுத்தான். எல்லாம் சொன்னான் என்கிட்ட. உனக்கு ஒரு கொறையும் வராது மகளே."

ஈல்மா தலையசைத்தாள்.

கிளெவர்டன் வந்து எதிரே உட்கார்ந்தான். முட்டையை உடைத்துக் குஸ்குஸ்ஸில் பிசைந்தான்.

"குழுவ விட்டு வெளிய வந்துட்டேன். அந்தப் பக்கமே பாக்கல. ஒரு வாரம் எந்தப் பட்டியலும் பாக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

"நல்லது."

"ஒண்ணு மட்டும் சொல்லிடு. சாவ் பாவுலோ எதுவரைக்கும் போச்சு?"

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

"நின்னுடுச்சு."

"எனக்கு முன்னாடியேவா?"

"ரொம்ப முன்னாடி."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். தோள் இறங்கியது. "பாத்தியாம்மா" என்றான். டோனா இரேனி மகனின் தலையைக் கோதிவிட்டு உப்புக்கண்டத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மனசுல அதுதான் அரிச்சிட்டு இருந்துச்சு. நாம அழுத்தின மறுநிமிசம் அங்க கூப்ட்டிருந்தா என்ன பண்றதுன்னு. இப்ப நிம்மதி." சாப்பிடத் தொடங்கினான். வேகமாகச் சாப்பிட்டான். வாயில் உணவை வைத்துக்கொண்டே பேசினான். "அடுத்த வருசம் மறுபடி எழுதலாம்னு இருக்கேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். இந்த ஒரு வருசம் ஒடம்பப் பாத்துக்கிறேன். நீ அங்க இருப்ப. ரூம் பாத்து வெச்சிடு."

"வெச்சிடுறேன்."

"ஆனா உன்ன நம்பி இருக்க முடியாது. நீ பிஸியாயிடுவ. என் கணக்க நானே போட்டுக்கிறேன். உன்கிட்ட இருக்கே, பழைய பட்டியலெல்லாம். எந்த வருசம் எங்க நின்னுச்சு, எல்லாம். போறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பிடு. இந்த வருசத்ததும் சேத்து."

பந்து சன்னல் கம்பியில் பட்டுத் திரும்பியது. டோனா இரேனி பையன்களைத் திட்ட எழுந்து போனாள்.

"என்ன? அனுப்புவல்ல?"

"அனுப்புறேன்" என்றாள் ஈல்மா.